தளவாடம் பந்தடிக்காது, மாப்பிள்ளை!

மாப்பிள்ளை, கோவிச்சுக்கப்படாது. பொண்ணைக் கொடுத்தவன், சொல்றதைச் சொல்லிப்புட்டு ஓரமா ஒக்காந்துக்கிறேன். இந்த டெக்ஸஸ் வெயில்ல உங்க காரு ரெண்டும் தெருவுல காயுது. காருக்குக் கட்டின கூடத்துல பந்தை நிறுத்திவச்சு அடிக்கிற பேட்டிங் டீ ரெண்டு, வலை ரெண்டு, கம்பத்துல கயிறு கட்டித் தொங்குற பந்து ஒண்ணு, பேட்டு மேல மாட்டுற துணிக்குடை ஒண்ணு, பேட்டு அடியில ஒட்டிக்கிட்டுப் போனுக்குச் சேதி அனுப்புற பொட்டு ஒண்ணு, பந்து எறியிற மெஷினு ஒண்ணு. அதுக எல்லாம் நெழல்ல சொகமா இருக்கு. பேத்தி மட்டும் சாஃப்ட்பால் ஆட்டத்துல பேட்டைத் தோள்ல வச்சுக்கிட்டு, நின்ன வாக்குல மூணு ஸ்ட்ரைக்கையும் வாங்கிக்கிட்டுத் திரும்பி வருது. அதைப் பார்த்ததும் நீங்க போனை எடுத்து அடுத்த பொட்டிக்கு ஆர்டர் போடுறீக. இந்தத் தடவை வர்றது தானா எறங்கிப் போயிப் பந்தடிக்கிற ரகமான்னு கேட்டுக்கிட்டு வாங்குங்க. இல்லேன்னா திருப்பி அனுப்பிருங்க.

நான் எதையும் வேணாம்னு சொல்ல வரலை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு. ஒரே ஒரு வேலை. அது எந்த வேலைன்னு கேக்காம வாங்கினதுதான் உங்க கெட்டிக்காரத்தனம்.

இந்த ஆட்டம் பொறந்த கதை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, கடைக்காரன் சொல்லியிருக்க மாட்டான். 1887ல சிகாகோவுல, ஃபாரகட் படகுச் சங்கத்துல, தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு வேலையத்த வாலிபப் பயலுக கூடியிருந்தாக. ஒருத்தன் பழைய குத்துச்சண்டைக் கையுறையை எடுத்து வீசுனான், இன்னொருத்தன் அதைக் கம்பால அடிச்சான். ஜார்ஜ் ஹான்காக்னு ஒரு ஆளு அந்தக் கையுறையையே வாரால இறுக்கிக் கட்டிப் பந்தாக்கி, வெளக்குமாத்துக் கட்டையைப் பேட்டாக்கி, கூரைக்குள்ளயே ஆடக் கெளம்பிட்டாரு. ஒரு கையுறை, ஒரு வெளக்குமாறு. அம்புட்டுத்தான் மொத்த மொதலீடு. அதே ஆட்டத்துக்கு இன்னிக்கு முன்னூறு நானூறு டாலருக்குப் பேட்டு விக்குறான். வாங்க ஆளும் இருக்கு. யாருன்னு நான் சொல்லலை.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். நீங்க கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறவுக, நான் விரல்ல போடுறேன். பத்து வயசுக்குட்பட்ட புள்ளைகளுக்கு, பந்து எறியிற எடத்துக்கும், அடிக்கிற புள்ள பக்கத்துல நிக்கிற ஹோம் பிளேட்டுக்கும் 35 அடி. எறியிற புள்ள மணிக்கு 40 மைல் வேகத்துல போட்டா, பந்து வந்து சேர அரை நொடிக்குச் சித்தே மேல ஆகும். அதுக்குள்ள பேத்தி பந்தைக் கண்ணால பிடிக்கணும், வேகத்தை எடை போடணும், அடிக்கவா விடவான்னு முடிவு கட்டணும், அப்புறம் பேட்டைச் சுத்தணும். அந்த அரை நொடியில நீங்க வேலிக்கு வெளிய நின்னுக்கிட்டு, 'முழங்கையைத் தூக்கு, முட்டியை மடக்கு, பந்தைப் பாரு, பின்காலால பூச்சியை நசுக்கு'ன்னு நாலு உத்தரவு போடுறீக. 'பந்தைப் பாரு'ன்னு நீங்க கத்துறப்ப புள்ள யாரைப் பார்க்குதுன்னு கவனிச்சீகளா? உங்களைத்தான்.

பூச்சி நசுக்குற அந்தப் பாடமும் பழசாப் போச்சு. பின்காலை நெலத்துல ஊனிக்கிட்டுத் திருகினா ஒடம்பு எடை பின்னாலயே தங்கிப்போகும். எடை முன்னால போகணும், பின்குதிகால் தானா எந்திரிக்கணும்னு இப்பப் பல கோச்சுக சொல்றாக. நீங்க அந்தப் பூச்சியை விட்டுருங்க. பாவம், அது பொழைச்சுப் போகட்டும்.

புள்ள வளர வளரத் தூரமும் கூடுது. பன்னெண்டு வயசுப் பிரிவுல 40 அடி, அதுக்கு மேல 43 அடி. வேகம் அதைவிடக் கூடுது. காலேஜ் பொண்ணுக மணிக்கு 60 மைலுக்கு மேல எறியிறாக. அங்க அரை நொடிகூட மிச்சமில்லை. யோசிச்சு அடிக்க நேரமே இல்லாத ஆட்டம் இது. ஒடம்பு தானாச் சுத்தணும், கண்ணு மட்டும் வேலை பார்க்கணும். பயிற்சிங்கிறது இந்த ரெண்டுக்குத்தான். ஒடம்பைப் பழக்குறதுக்குக் கடை நெறையத் தளவாடம் விக்குது. கண்ணைப் பழக்குறதுக்கு விக்கிறது ரொம்பக் கம்மி. அதனாலதான் அதை நீங்க வாங்கலை.

சரி, பேட்டுக்கு வருவோம். 'வளர்ற புள்ள'ன்னு சொல்லி ஒரு அளவு பெருசா வாங்கியிருக்கீக. சட்டைன்னா கையை மடிச்சு விட்டுக்கலாம், பேட்டை எங்கிட்டு மடிக்கிறது? பேட்டுல ரெண்டு எண்ணு போட்டிருப்பான். நீளம் அங்குலத்துல, எடை அவுன்ஸுல. எடையிலருந்து நீளத்தைக் கழிச்சா வர்றதுக்கு டிராப்னு பேரு. 29 அங்குல நீளம், 18 அவுன்ஸ் எடைன்னா டிராப் மைனஸ் 11. இந்த எண்ணு பெருசாகப் பெருசாகப் பேட்டு லேசு. வாங்குறதுக்கு முன்னால, புள்ளையை ஒரு கையால பேட்டைப் பிடிச்சுப் பக்கவாட்டுல நேரா நீட்டச் சொல்லி மெதுவா இருபது எண்ணுங்க. அதுக்குள்ள கை தணிஞ்சா அந்தப் பேட்டு கனம். வாங்கித் தொலைச்சாச்சா? கைப்பிடியில ஒரு அங்குலம் மேல ஏத்திப் பிடிக்கச் சொல்லுங்க. அதுக்கு யாரும் பில்லு போடுறதில்லை.

பேட்டுல மாட்டுற கனமான வளையம் ஒண்ணு வச்சிருக்கீகளே, டோனட்டுன்னு? அதை மாட்டி நாலு சுத்து சுத்திக் கழட்டினா பேட்டு காத்தாத் தெரியுது, புள்ளைக்கும் சந்தோசம். ஆனா ஆராய்ச்சிக்காரவுக அளந்து பார்த்தப்ப வேகம் கூடலை. கனத்தைச் சுத்தினதுக்கு அப்புறம் பல பேருக்குக் கொறைஞ்சுதான் இருக்கு. வேகம் நெனப்புல, பேட்டுல இல்லை. நீங்க காசு கொடுத்து ஒரு நெனப்பை வாங்கியிருக்கீக. ஆட்டத்துக்கு முன்னால தன் பேட்டையே நாலு சுத்து சுத்துறது போதும்.

பேட்டிங் டீயை மட்டும் நான் கும்பிட்டு ஏத்துக்கிறேன். பச்சப்புள்ளையிலருந்து ஒலிம்பிக் ஆடுறவுக வரைக்கும் அதுல அடிக்கிறாக. 'டீ பால் குழந்தைகளுக்கு'ன்னு உங்க சிநேகிதரு சிரிச்சாரே, சிரிக்கட்டும், அவரு மகளும் நின்னுக்கிட்டேதான் அவுட் ஆகுது. ஆனா அந்த டீயை நீங்க வைக்கிற எடம்தான் கோளாறு. பிளேட்டுக்கு நடுவுல கம்பை நட்டு, புள்ளையை அதுக்கு நேரா நிறுத்தினா, பந்து வயித்துக்கு நேரா வந்துருது. அங்க பந்தை அடிக்கிற புள்ள ஆட்டத்துல எப்பவும் தாமதமாத்தான் அடிக்கும். முன்காலுக்கு நேரா, இல்லே அதுக்குச் சித்தே முன்னால பந்து இருக்கணும். ஒடம்பை ஒட்டி வர்ற பந்துக்கு இன்னும் முன்னால தள்ளி வைக்கணும். வெளிப்பக்கம் போற பந்துக்குக் கொஞ்சம் பின்னால, தள்ளி வைக்கணும். பேத்தி வலது கைக்காரி. உள்பந்து எடதுபக்கம் போகணும், வெளிப்பந்து வலதுபக்கம் போகணும். எல்லாத்தையும் ஒரே பக்கம் இழுத்தா, வாரத்துல ஒரு நாளு டீயை வெளிப்பக்கத்துக்கே நட்டு வச்சுருங்க.

டீ பேசும், மாப்பிள்ளை. உங்க போனைவிட நல்லாவே பேசும். அடிச்ச பந்து வலையோட நடுவுல நேராப் போய் விழுந்தா, சரி. வலை உச்சிக்கு எகிறினா, பந்துக்கு அடியில அடிச்சிருக்கு. நெலத்துல குத்தினா, தலையில அடிச்சிருக்கு. பந்தைவிட்டு டீயோட ரப்பர்ல அடிச்சுச் சத்தம் வந்தா, பின்தோளு தாழ்ந்து பேட்டு கீழ விழுந்திருக்கு. ஒவ்வொரு அடிக்கும் இதைப் புள்ளையையே சொல்லச் சொல்லுங்க. நீங்க சொல்லக் கூடாது. நீங்க இல்லாத நேரத்துலதான் அது ஆடப்போகுது.

சுத்துறதுல வரிசை ஒண்ணு இருக்கு. மொதல்ல முன்கால் ஊனும், அப்புறம் இடுப்பு திரும்பும், அப்புறம் நெஞ்சு, கடைசியா கை. கை முந்திக்கிட்டா ஒடம்போட பலம் பந்துக்குப் போய்ச் சேராது. புள்ளைக கையாலேயே தட்டுறதுக்கு இதுதான் காரணம். இதைத் திருத்த ரெண்டு வழி இருக்கு, ரெண்டுக்கும் செலவு இல்லை. ஒண்ணு, முன்காலை எடுத்து வச்சு ஒரு எண்ணு எண்ணிக்கிட்டு அப்புறம் சுத்தறது. கால் ஊனுறப்ப கை பின்னாலயே இருக்கான்னு அப்பத் தெரியும். ரெண்டாவது, வேலியைப் பார்த்து ஒரு பேட்டு நீளம் தள்ளி நின்னு வேலி உரசாமச் சுத்தறது. கையை அகல விட்டா பேட்டு வேலியில மாட்டும். பழைய பேட்டா எடுத்துக்கங்க. அந்த நானூறு டாலரை வேலியில உரசினா அன்னிக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வராது.

டீ சொல்லிக்கொடுக்காதது ஒண்ணு உண்டு. அதுல பந்து நிக்குது. ஆட்டத்துல எந்தப் புள்ளையும் பந்தை நிறுத்திவச்சு, 'அக்கா, அடிங்க'ன்னு சொல்றதில்லை. டீயிலயே நூறு பந்து அடிச்சுட்டு, 'எம் மக வீட்டுல பிரமாதமா அடிக்குது'ன்னு பெருமைப்படுற அப்பன்மாரு இந்த ஊருல நெறைய. வீட்டுல எல்லாரும்தான் பிரமாதம்.

அதனால டீக்கு அடுத்த படி, பந்து எறிஞ்சு கொடுக்கிறது. பக்கவாட்டுல குந்திக்கிட்டு மெல்லத் தூக்கிப் போடுறீகளே, சாஃப்ட் டாஸ், அது கை பழகறதுக்கு ஆகும். ஆனா ஆட்டத்துல பக்கவாட்டுலருந்து எந்தப் பந்தும் வராது. எதிர்த்தாப்புல பதினஞ்சு இருபது அடி தள்ளி, தடுப்பு வலைக்குப் பின்னால ஒக்காந்து, கையை நல்லாக் காட்டிக் கீழ் வாக்குல எறியிறதுதான் ஒசத்தி. ஃப்ரண்ட் டாஸ்னு சொல்றாக. வலை இல்லாம ஒக்காராதீக. திரும்பி வர்ற பந்துக்கு நீங்க மாப்பிள்ளைன்னு தெரியாது. புள்ளைக்கு முகக்கம்பி போட்ட ஹெல்மெட்டு, பேட்டு சுத்துற தூரத்துல தம்பி தங்கச்சி நிக்கக் கூடாது. இந்த ரெண்டுலயும் நான் வேடிக்கை பேசலை.

மத்த தளவாடத்துக்குச் சுருக்கமாத் தீர்ப்பு சொல்லிருதேன். கயித்துப் பந்து, தனியா இருக்கிற புள்ளைக்குப் பொழுதுபோக்கு, கொஞ்சம் கை பழக்கம். அதுக்கு மேல எதிர்பார்க்காதீக. துணிக்குடை, காத்து பிடிச்சு இழுக்குது, புள்ள சுத்துற வாக்கையே மாத்திக்குது, மடிச்சு வைங்க. போனுக்குச் சேதி அனுப்புற பொட்டு, வேகம் இம்புட்டு, கோணம் இம்புட்டுன்னு ஒழுங்காச் சொல்லும். ஆனா எந்தப் பந்தை விட்டிருக்கணும்னு அதுக்குத் தெரியாது. பத்து வயசுல புள்ளைக்கு எண்ணைக் காட்டினா புள்ள எண்ணுக்காகச் சுத்தும், பந்துக்காகச் சுத்தாது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் விஃபிள் பந்து மட்டும் நல்ல சரக்கு. வெல கம்மி, பக்கத்து வீட்டுக் கண்ணாடி தப்பிக்கும், பக்கத்துலருந்து எறியலாம், கோணலாப் பறக்கும். கண்ணுக்கு வேலை வைக்கிற தளவாடம் அது. உங்ககிட்ட அது இல்லை.

மெஷினைப் பத்திப் பேசுறதுக்கு முன்னால ஒரு சங்கதி. 2004ல ஜென்னி ஃபின்ச்ங்கிற பொண்ணு, அந்த வருசமே ஏதென்ஸ் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின சாஃப்ட்பால் பிட்சர், ஒரு காட்சி ஆட்டத்துல பேஸ்பால் சூரருகளுக்குப் பந்து போட்டுச்சு. ஆல்பர்ட் பூஹோல்ஸ் எறங்கினாரு. முந்தின வருசம்தான் 43 ஹோம் ரன் அடிச்சவரு, கடைசியா ஓய்வு எடுக்கிறப்ப 703 ஹோம் ரன் கணக்குல வச்சிருந்தவரு. ஸ்ட்ரைக் அவுட். மைக் பியாசா, பிரையன் ஜைல்ஸ், அவுகளும் அதே பாடு. 90 மைலுக்கு மேல வர்ற பந்தையெல்லாம் அடிச்சுத் தள்ளினவுகளுக்கு இந்தப் பந்து என்ன கஷ்டம்? பெரிய ஆட்டக்காரன் பந்தை மட்டும் பார்த்து அடிக்கிறதில்லை. எறியிறவன் தோளு, முழங்கை, மணிக்கட்டு, பந்து கையை விட்டு வர்ற எடம், இதையெல்லாம் பார்த்தே பந்து எங்க வரும்னு கண்ணு முன்கூட்டியே கணக்குப் போட்டுருது. அவுக கண்ணு படிச்சது மேல் கையால எறியிறவன் தோளை. கீழ் வாக்குல காத்தாடியாச் சுத்தி வர்ற கையை அதுக படிச்சதில்லை. பலமும் இருந்துச்சு, வேகமும் இருந்துச்சு, படிப்பு இல்லை.

இப்ப உங்க மெஷினைப் பாருங்க. அதுக்குத் தோளு எங்க? மணிக்கட்டு எங்க? ஓட்டையிலருந்து ஒரே வேகத்துல, ஒரே எடத்துக்குப் பந்து துப்புது. நாலு பந்துல புள்ளைக்குத் தாளம் பிடிபட்டுருது, அப்புறம் எல்லாமே அடிதான். நீங்களும் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புறீக, உங்க மாமியா எனக்கே ஃபார்வேர்டு பண்றா. சனிக்கிழமை ஆட்டத்துல எதிர்ப்பக்கம் நிக்கிறது மெஷினு இல்லை, பல்லுல கம்பி கட்டின பத்து வயசுப் புள்ள. ஒண்ணு தலைக்கு மேல போகும், ஒண்ணு தரையில உருளும், மூணாவது நடுவுல வரும். அந்த மூணாவதுக்குள்ள பேத்தி மெஷினைத் தேடிக்கிட்டு நிக்குது. மெஷினு வேணாம்னு சொல்லலை, வேகத்துக்குப் பயம் போக நல்லதுதான். பயம் போனதும் நிறுத்திருங்க.

கண்ணைப் பழக்க வழி சொல்றேன், கேளுங்க. டீமுல பந்து எறியிற புள்ள பயிற்சி எடுக்கிறப்ப பேத்தியை ஹெல்மெட்டு போட்டு, பேட்டைக் கையில கொடுத்து, பிளேட்டுப் பக்கத்துல நிறுத்துங்க. சுத்தக் கூடாது. பந்து கையை விட்டதுமே 'ஆம்' இல்லே 'வேணாம்'னு சொல்லணும், அம்புட்டுத்தான். எறியிற புள்ளைக்கும் எதிர்ல ஆள் நின்னு பழகும். வீட்டுலன்னா டென்னிஸ் பந்துகள்ல செவப்பு, நீலம், பச்சைன்னு பொட்டு வச்சு எறிங்க, பந்து வர்றப்பவே நெறத்தைச் சொல்லட்டும். இன்னொரு நாளு, செவப்புன்னா அடி, மத்ததை விடுன்னு வைங்க. விடுறதும் அடிக்கிறதுக்குச் சமானமான வித்தைதான். அடிக்க வேண்டாத பந்தை அடிக்கிற பழக்கத்தை ஒரு பேட்டும் திருத்தாது.

ஃப்ரண்ட் டாஸ் போடுறப்பவும் உங்க இரக்க குணத்தைக் கொஞ்சம் மூட்டை கட்டி வைங்க. புள்ளைக்குப் பிடிச்ச எடத்துலயே பத்துப் பந்தும் போட்டா, அதுவும் மெஷினுதான், சம்பளம் வாங்காத மெஷினு. 1994ல காலேஜ் பேஸ்பால் பசங்களை வச்சு ஒரு சோதனை வெளிவந்துச்சு. ஒரு கூட்டத்துக்கு வேகப்பந்து 15, வளைபந்து 15, மெதுவா வந்து ஏமாத்துற சேஞ்ச் அப் 15ன்னு அடுக்கிப் போட்டாக. இன்னொரு கூட்டத்துக்கு அதே 45 பந்தைக் கலைச்சுப் போட்டாக, எது வரும்னு தெரியாது. ஆறு வாரம் கழிச்சுப் பார்த்தா, அடுக்கி அடிச்சவுக 25 சதம் போல முன்னேறியிருந்தாக. கலைச்சு அடிச்சவுக 57 சதம். பயிற்சியில பார்க்க அழகா இருக்கிறது ஆட்டத்துல கைகொடுக்காது. பயிற்சியில தப்புத் தப்பா அடிக்கிற புள்ளைதான் கத்துக்கிட்டு இருக்கு. இதை வீடியோவுல காட்ட முடியாது, அதான் உங்களுக்கு வருத்தம்.

ஒரு நாளைக்கு இருபது நிமிசம் போதும். டீயில பத்துப் பதினஞ்சு பந்து, எடத்தை மாத்தி மாத்தி. எதிர்லருந்து கலைச்சு எறிஞ்சு இருபது பந்து. கடைசியில நெறம் சொல்ற வெளையாட்டு. 'இன்னும் அஞ்சு பந்து'ன்னு புள்ள கேக்கிறப்ப நிறுத்துங்க. 'போதும்'னு புள்ள கெஞ்சுற வரைக்கும் அடிக்க விட்டா, கை சோந்து, தப்பான சுத்துதான் ஒடம்புல பதியும்.

அடுத்தது உங்க கனவு. டிராவல் டீமு, காலேஜ் உதவித்தொகை, ஒலிம்பிக்குன்னு ராத்திரி சாப்பாட்டு மேசையில பேசுறது என் காதுலயும் விழுகுது. 1996ல ஒலிம்பிக்ல சேர்த்த சாஃப்ட்பாலை 2008க்கு அப்புறம் எடுத்தாக, டோக்கியோவுல திருப்பிச் சேர்த்தாக, பாரிஸ்ல மறுபடி விட்டுட்டாக, 2028ல லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ல வருது. ஒலிம்பிக்காரவுகளே இன்னும் ஒரு முடிவுக்கு வரலை. நீங்க பத்து வயசுப் புள்ளைக்கு முடிவு கட்டிட்டீக. இந்த நாட்டுல பொண்ணுக இம்புட்டுப் பேரு மைதானத்துக்கு வந்ததுக்கு 1972ல வந்த டைட்டில் நைன் சட்டம் பெரிய காரணம். அது பொண்ணுகளுக்குச் சம வாய்ப்பு கொடுன்னு சொல்லுச்சு. அப்பன்மாருக்கு ரெண்டாவது வாய்ப்பு கொடுன்னு அதுல எந்த வரியும் இல்லை.

தோத்து வர்ற புள்ளைகிட்டக் காருல பாடம் எடுக்காதீக. டெட் வில்லியம்ஸ்னு பேஸ்பால்ல ஒரு மகா அடிகாரரு, 1941ல .406 சராசரி வச்சாரு. பத்துக்கு நாலு. அதுக்கப்புறம் அமெரிக்கன் லீக்லயும் நேஷனல் லீக்லயும் ஒரு முழு சீசனுக்கு .400 தொட்டவன் எவனும் இல்லைன்னு அங்க இன்னிக்கும் அவரைக் கொண்டாடுறாக. பத்துக்கு ஆறு தடவை தோத்தவரை நாடு கொண்டாடுது, பத்துக்கு ஏழு தடவை தோக்கிற புள்ளையை நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் திட்டுறீக. பசிக்குதான்னு கேளுங்க. அதுக்கு மட்டும் பதில் வரும்.

ஆக, என் தீர்ப்பு இதுதான். கைக்கு அடங்கின பேட்டு ஒண்ணு, டீ ஒண்ணு, வலை ஒண்ணு, ஒரு வாளி விஃபிள் பந்து. மிச்சத்தை டீமுக்குத் தானம் பண்ணிருங்க, புண்ணியமாவது மிஞ்சும். தோளும் மணிக்கட்டும் உள்ள பிட்சர் ஒருத்தர் வீட்டுலயே இருக்காரு, சாயங்காலத்துல போனைத் தடவிக்கிட்டுச் சும்மாத்தான் ஒக்காந்திருக்காரு. அவரு இருபது நிமிசம் எறியிற பந்துக்கு ஈடா எந்தக் கடையிலயும் ஒண்ணும் விக்கலை. எந்திரிங்க மாப்பிள்ளை, போய்ப் பந்தை எறிங்க.